குவார்ட்ஸுக்குள் ஒளிந்திருப்பது என்ன? டிடெக்டர் பிடித்துக் கொடுத்த கல்லை இனம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

மெட்டல் டிடெக்டர் தெளிவாகச் சத்தம் கொடுக்கிறது. தோண்டினால் ஆணியும் வரவில்லை, ஈயக்குண்டும் வரவில்லை. கையளவு வெள்ளைக் கல் ஒன்று வருகிறது. கழுவிப் பார்த்தால் ஒரு பக்கம் மஞ்சள் மினுக்கம், இன்னொரு பக்கம் சாம்பல் நிறக் கோடு, நடுவே துருப்பிடித்த சின்னச் சின்னக் குழிகள். இதில் எது என்ன?

தங்கம் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். கல்லில் மின்னுவது எது என்பது ஒரு கேள்வி. டிடெக்டரில் ஒலித்தது எது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் விடை ஒரே கனிமமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மின்னும் மஞ்சள் வெறும் பைரைட்டாக, அதாவது பொய்த்தங்கம் எனப்படும் இரும்புக் கனிமமாக இருக்கலாம். ஒலித்த தங்கமோ துருவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். மினுக்கம் பொய் என்று தெரிந்ததும் கல்லைத் தூக்கி எறிகிறவர் அந்தத் தங்கத்தையும் சேர்த்தே எறிகிறார். கீழே சொல்லப்போகும் சோதனைகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக வைத்து விடை தேடுவதற்குத்தான். வரிசையை மாற்றாதீர்கள். கல்லுக்குச் சேதம் செய்யாத சோதனைகள் முதலில், சேதம் செய்பவை கடைசியில்.

முதலில்: சுத்தியலைக் கீழே வையுங்கள்

உள்ளே என்ன என்று பார்க்கும் ஆவலில் கல்லை உடைப்பது இயல்புதான். ஆனால் குவார்ட்ஸில் (வெங்கச்சங்கல்லில்) பதிந்த தங்கம் உடையாத மாதிரியாக இருக்கும்போது, உருக்கிய தங்கத்தின் மதிப்பைவிடச் சேகரிப்பாளர்களிடம் அதிக மதிப்புப் பெறுவது உண்டு. உடைத்துவிட்டால் எடை, ஒப்படர்த்தி (அதே கன அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது), ஒலிக்கும் திசை என்று பின்னால் தேவைப்படும் தகவல்களும் போய்விடும்.

தண்ணீரும் மென்மையான பல் துலக்கியும் போதும். அமிலம் இப்போது வேண்டாம். கழுவிய தண்ணீரைக் கொட்டிவிடாமல் ஒரு தட்டில் பிடித்து அலசிப் பாருங்கள். தளர்ந்திருந்த தங்கத் துகள் ஒன்று அடியில் தங்கினால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். பிறகு கல்லை நன்றாகக் காயவைத்து, எல்லாப் பக்கமும் படம் எடுத்து, எடை பார்த்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி வையுங்கள். ஈரக் கல்லில் எல்லாமே பளபளக்கும். அதனால் முடிவெடுப்பதற்கு முன் காய்ந்த கல்லைத்தான் பார்க்க வேண்டும்.

டிடெக்டரிடமே மறுபடி கேளுங்கள்

கல்லை எடுத்த குழியை மறுபடி காயிலால், அதாவது டிடெக்டரின் அடியில் இருக்கும் கம்பிச் சுருளால், துழாவுங்கள். சத்தம் குழியிலேயே நின்றிருந்தால், ஒலித்தது இந்தக் கல்லே அல்ல. வெள்ளைக் கல்லைக் கண்ட மகிழ்ச்சியில் இதைச் செய்யாமல் வருபவர்கள் நிறையப் பேர்.

சத்தம் கல்லோடு வந்திருந்தால், டிடெக்டரை உலோகம் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் அசையாமல் கிடத்துங்கள். மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றிவிட்டு, கல்லைக் காயிலின் மேல் சிறிது உயரத்தில் குறுக்காக நகர்த்துங்கள். கல்லைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு முகத்தையும் காட்டுங்கள். எந்த முகத்தில் சத்தம் உச்சமோ அங்கே ஒரு மார்க்கர் புள்ளி வையுங்கள். இனி நீங்கள் லென்ஸ் வைத்துத் தேட வேண்டிய இடம் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான். மஞ்சள் மினுக்கம் ஒரு முனையிலும் புள்ளி மறு முனையிலும் விழுந்தால், இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு விடைகள் இருக்கின்றன என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஏன் சில கனிமங்கள் ஒலிக்கின்றன, சில ஒலிப்பதில்லை? காயிலில் மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம், மின்சாரம் கடத்தும் பொருளுக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் தரும் எதிர்ப்புலத்தைத்தான் கருவி கேட்கிறது. சுழல் ஓட வேண்டுமானால் உலோகம் ஒன்றோடொன்று தொட்டுத் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். மொத்தத் தங்கம் கணிசமாக இருந்தாலும் தூள்தூளாகத் தனித்தனியே சிதறிக் கிடந்தால் கருவி மௌனமாகவே இருக்கும். ஆக, சத்தம் இல்லாததால் தங்கம் இல்லை என்று ஆகாது.

சல்பைடு கனிமங்களில் (உலோகமும் கந்தகமும் சேர்ந்தவை) பைரைட் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. திரண்ட பைரோடைட், கலீனா, சால்கோபைரைட், ஆர்சினோபைரைட் ஆகியவை போதுமான அளவு கட்டியாக இருந்தால் ஒலிக்கக்கூடும். ஸ்ஃபாலரைட் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது, அது ஒலிக்காது. கிராஃபைட் உலோகமே இல்லை, ஆனாலும் நல்ல கடத்தி. குவார்ட்ஸின் ஓரத்தில் கருப்புப் படலமாக ஓடும் கிராஃபைட் ஆசையை மூட்டிவிடும். மாக்னடைட், மாக்ஹெமைட் போன்ற இரும்பு ஆக்சைடுகள் தம் காந்தத்தன்மையால் கருவியைக் குழப்புகின்றன. காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பாருங்கள்: இவற்றின் சத்தம் சட்டென மங்கலாகி மறையும், உலோகத்தின் சத்தம் கூர்மை குறையாமல் மெல்ல மெல்லத் தணியும். கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணின் கனிமங்கள் தரும் சத்தத்தை ஒதுக்கும் அமைப்பை) சரிசெய்துவிட்டு மறுபடி காட்டினால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும்.

ஒலித்த பொருளுக்குத் திரையில் வரும் இலக்கு எண்ணை வைத்துக் கனிமத்தின் பெயரைச் சொல்லிவிட முடியாது. சிறு தங்கமும் அலுமினியத் தாளும் ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

காந்தம்

வலுவான நியோடிமியக் காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கல்லை அதன் அருகே மெதுவாகக் கொண்டுபோங்கள். நூல் லேசாகச் சாய்ந்தாலும் தெரியும். வலுவாக இழுத்தால் மாக்னடைட், மாக்ஹெமைட் அல்லது மனிதர் விட்டுப்போன இரும்பு. லேசாக இழுத்து, நிறமும் வெண்கலப் பழுப்பாக இருந்தால் பைரோடைட்டை நினைக்க வேண்டும். தங்கம், பைரைட், கலீனா, ஆர்சினோபைரைட் எதுவும் கைக்காந்தத்துக்கு வராது.

அடிக்கடி ஏமாற்றும் ஒன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினமானது. கடப்பாரையோ மண்வெட்டியோ இயந்திரத்தின் பல்லோ அதில் உரசினால், கல் தேய்வதற்குப் பதிலாக எஃகுதான் தேய்ந்து கல்லின் மேல் வெள்ளி நிறத் தீற்றலாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளி, பிளாட்டினம் என்று பலர் பாதுகாத்து வைத்திருப்பது இதைத்தான். அடையாளம் எளிது: தீற்றல் கல்லின் மேடான விளிம்புகளில் மட்டும் இருக்கும், விரிசலுக்குள் இறங்காது. ஊசியால் சுரண்டினால் வரும் தூள் காந்தத்தில் ஒட்டும். ஈரத்துணியில் சுற்றி ஓரிரு நாள் வைத்தால் பழுப்பாகத் துரு ஏறும்.

இது குவார்ட்ஸ்தானா?

வெள்ளையாக இருப்பதெல்லாம் குவார்ட்ஸ் அல்ல. கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. கண்ணாடியைத் தெளிவாகக் கீறும், கத்திமுனைக்கு வசப்படாது. உடைந்த இடம் வளைந்த சிப்பி வடிவில் இருக்கும். ஒழுங்கான தட்டை முகங்களாகப் பிளக்காது. கால்சைட் 3, கத்தியால் கீறலாம், அமிலம் பட்டால் நுரைக்கும். வினிகருக்குக்கூடப் பொடித்த கால்சைட் குமிழி விடும். ஃபெல்ட்ஸ்பார் 6, அது ஏறத்தாழச் செங்கோணத்தில் இரண்டு தட்டை முகங்களாகப் பிளந்து, ஒளியில் பலகைபோல மின்னும். பேரைட் என்ற வெள்ளைக் கனிமத்தை மறக்காதீர்கள்: ஒப்படர்த்தி 4.5. கையில் எடுத்ததும் கனமாக இருப்பதால், உள்ளே தங்கம் இருக்கிறது என்றே தோன்றும். ஆனால் கடினம் 3தான், கத்தி கீறிவிடும்.

மஞ்சள் மின்னினால்

இந்தக் கட்டத்துக்குத் தேவையானவை 10 மடங்கு பெருக்கும் லென்ஸ், ஒரு தையல் ஊசி, மெருகு பூசாத பீங்கான் ஓட்டின் பின்புறம், நல்ல பகல் வெளிச்சம். இவ்வளவே.

முதலில் வெயிலில் கல்லைத் திருப்புங்கள். பிறகு உங்கள் நிழலுக்குள் கொண்டுவந்து மறுபடி திருப்புங்கள். தங்கம் எந்தக் கோணத்திலும், நிழலிலும், அதே மஞ்சளாகவே நிற்கும். பைரைட்டும் மைக்காவும் (அப்பிரகம்) ஒரு கோணத்தில் பளீரென்று அடித்து, அடுத்த கோணத்தில் இருண்டுவிடும்.

அடுத்து ஊசி. லென்ஸில் பார்த்துக்கொண்டே மஞ்சள் துகளின் நடுவில் ஊசிமுனையை அழுத்துங்கள். தங்கத்தின் கடினம் 2.5 முதல் 3 வரை. அது குழியும், முனையை இழுத்தால் பள்ளம் விழும், தூள் வராது. பைரைட்டின் கடினம் 6 முதல் 6.5 வரை, ஊசி வழுக்கும் அல்லது துகள் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். சால்கோபைரைட் 3.5 முதல் 4 வரை. ஊசி கீறும், ஆனால் கீறிய இடத்தில் கரும்பச்சைத் தூள் எழும். மைக்கா என்றால் மெல்லிய இதழாகப் பிரிந்து வரும். வானிலையில் அழுகிய பயோடைட் மைக்கா பொன்னிறமாக மாறி, ஆற்று மணலிலும் குவார்ட்ஸ் விளிம்பிலும் ஏராளமாக மினுங்குவதால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இருக்கிற எல்லாச் சோதனைகளிலும் எனக்கு அதிக நம்பிக்கை இந்த ஊசிச் சோதனையின் மேல்தான். கண் பார்க்க முடிகிற மிகச் சிறிய துகளிலும் இது பலிக்கிறது, கல்லுக்கும் ஒன்றும் ஆவதில்லை.

பிறகு உரைத்துப் பார்ப்பது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. முழுக் கல்லையும் பீங்கானில் தேய்த்தால் குவார்ட்ஸ்தான் ஓட்டைக் கீறி வெள்ளைத் தூளைக் கிளப்பும். சந்தேகக் கனிமத்தின் நிறம் அதில் மறைந்துவிடும். எனவே ஊசியால் ஒரு துகளைப் பெயர்த்து, ஓட்டின் மேல் வைத்து, எஃகுக் கரண்டியின் முதுகால் அழுத்தி இழுங்கள். தங்கம் பொன்னிறக் கோடு விடும். பைரைட்டும் சால்கோபைரைட்டும் மேலே எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் கரும்பச்சை கலந்த கருப்பையே விடும். லிமோனைட் என்ற இரும்புத் துருக் கனிமம் பழுப்பு மஞ்சள் விடும். ஆனால் அதில் உலோகப் பளபளப்பு இருக்காது, மண்தன்மைதான்.

மயில் கழுத்து நிறங்களில் ஊதாவும் நீலமுமாக மின்னினால், பெரும்பாலும் காற்றுப்பட்டு மேல்தோல் மாறிய சால்கோபைரைட் அல்லது போர்னைட். பக்கத்திலேயே பச்சை மாலகைட் கறை இருந்தால் செம்புக் கனிமம் என்பது ஏறக்குறைய உறுதி. வெளிறிய மஞ்சள் என்பதற்காக மட்டும் தங்கத்தை ஒதுக்காதீர்கள். இயற்கைத் தங்கத்தில் வெள்ளி கலந்தே இருக்கும். வெள்ளி ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் எலக்ட்ரம் என்பார்கள், நிறம் வெளிறி வெள்ளியை நெருங்கும். ஊசிச் சோதனையில் அது தங்கத்தைப் போலவேதான் நடந்துகொள்ளும்.

பைரைட் என்று உறுதியானாலும் கல்லை எறிய வேண்டாம். தங்கமும் பைரைட்டும் பூமிக்குள் ஒரே சூடான கரைசலிலிருந்து, ஒரே பிளவில் படிவது வழக்கம். பொய்த்தங்கம் என்று பெயர் வாங்கியது உண்மையில் தங்கத்தின் கூட்டாளி. மார்க்கர் புள்ளியைப் போய்ப் பாருங்கள்.

வெள்ளி, சாம்பல் நிறமானால்

உண்மையான புதிர்கள் இங்கேதான். மஞ்சள் விஷயத்தில் தங்கமா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சாம்பல் நிறத்தில் பத்துக் கனிமங்கள் வரிசையில் நிற்கின்றன. சிலவற்றில் நச்சு இருக்கிறது, சிலவற்றுக்குள் தங்கமே இருக்கிறது.

கலீனா ஈயத்தின் சல்பைடு. உடைத்த முகமெல்லாம் கனசதுரப் படிகளாக, கண்ணாடிபோலப் பளிச்சிடும். கடினம் 2.5, ஒப்படர்த்தி 7.5 அளவில், சின்னத் துண்டே கனக்கும். ஊசி பட்டால் ஈயச் சாம்பல் தூள். படிப்படியான இந்தப் பிளவு வேறு எதிலும் இவ்வளவு துல்லியமாக வராது. வார்த்த ஈயக்குண்டு ஊசிக்குக் குழியும், பிளக்காது. கல்லின் விரிசலில் சிக்கிய பழைய ஈயக்குண்டைக் கலீனாவிலிருந்து பிரித்தறிய இது போதும்.

ஆர்சினோபைரைட் எஃகு வெண்மை, கடினம் 5.5 முதல் 6 வரை, ஒப்படர்த்தி ஏறக்குறைய 6. குறுக்கே வெட்டினால் சாய்சதுர வடிவப் படிகங்கள் தெரியும். சுத்தியல் பட்டால் பூண்டு நாற்றம் எழும், அது ஆர்சனிக். அந்த நாற்றத்துக்காக வேண்டுமென்றே தட்டிப் பார்க்க வேண்டாம், தற்செயலாக வந்தால் மூக்கை விலக்கிக்கொள்ளுங்கள். தொட்டபின் கை கழுவுங்கள். இது வெயிலிலும் மழையிலும் சிதைந்தால் வெளிறிய பச்சைப் பொடியாக ஸ்கோரோடைட் உண்டாகும். குவார்ட்ஸில் அந்த வெளிறிய பச்சையைக் கண்டால் இந்தக் கனிமத்தை நினையுங்கள். தங்கத்தோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வருவதால், இந்தக் கல் கிடைத்த இடத்தைக் குறித்து வைப்பது மிக முக்கியம்.

ஸ்டிப்னைட் ஆன்டிமனியின் சல்பைடு, நீண்ட கத்தி அலகுகளாகவோ ஊசிகளாகவோ படியும். கடினம் 2; நகமே ஏறக்குறையக் கீறிவிடும். மாலிப்டினைட்டும் கிராஃபைட்டும் விரலில் வழுவழுக்கும், காகிதத்தில் எழுதும். முதலாவது நீலம் கலந்த வெள்ளிநிறம், ஒப்படர்த்தி 4.7, இரண்டாவது கருஞ்சாம்பல், 2.2 மட்டுமே. பிஸ்மத் தனிமமாகவே கிடைப்பதுண்டு. வெள்ளியில் இளஞ்சிவப்புச் சாயல், ஒப்படர்த்தி 9.8, ஆனால் தட்டினால் தகடாகாமல் நொறுங்கும். தங்கமும் பிஸ்மத்தும் கலந்த மால்டோனைட் என்ற கனிமம் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்து மால்டன் ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. வெள்ளியைப் போல இருந்து காற்றுப்பட்டுக் கறுத்துவிடும் இதை ஈயம் என்று நினைத்துக் கைவிடுவது எளிது.

டெல்லுரைடுகளுக்குத் தனியாக ஒரு பத்தி தர வேண்டும். கலவரைட், சில்வனைட் போன்றவற்றில் தங்கம் டெல்லூரியத்தோடு வேதிச் சேர்க்கையாக இருக்கிறது. கலவரைட்டின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு தங்கம். ஆனால் பார்வைக்குத் தங்கமே அல்ல: வெளிறிய பித்தளையிலிருந்து வெள்ளி வரையான நிறம், கடினம் 2.5 முதல் 3 வரை, ஊசி பட்டால் குழியாமல் நொறுங்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் 1893இல் தங்க வேட்டை தொடங்கியபோது இந்தத் தாதைப் பயனற்றது என்று ஒதுக்கி, சாலைப் பள்ளங்களை நிரப்பப் பயன்படுத்தினார்கள். 1896 வாக்கில் உண்மை தெரிந்தபின் தெருக்களைத் தோண்டி எடுத்தார்கள். எனவே வெளிறிய நிறம், குறைந்த கடினம், மிகுந்த எடை, நொறுங்கும் தன்மை நான்கும் ஒன்றாக வந்தால், வீட்டுச் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். டெல்லுரைடு டிடெக்டரில் பெரும்பாலும் ஒலிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒலித்த வேறு ஏதோ ஒன்றுதான் அதை உங்கள் கைக்குக் கொண்டுவந்திருக்கும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பழைய சுரங்கங்கள், தாது இடித்த ஆலைகள் இருந்த இடங்களில் கிடைக்கும் தங்கம் வெள்ளி நிறமாக இருக்கலாம். அங்கே தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் பயன்பட்டது. மண்ணில் தங்கிய பாதரசம் தங்கத்தின் மேல் பூசிக்கொள்கிறது. ஊசிக்குக் குழிந்து, சுரண்டிய இடத்தில் மஞ்சள் தெரிந்தால் இதுவாக இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் சூடாக்காதீர்கள். பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நரம்பு மண்டலத்தை நேரடியாகத் தாக்கும்.

கருப்பு, பழுப்பு, பச்சை

கருப்பைக் கண்ணால் பிரிக்க முயல்வது வீண் வேலை. பீங்கானில் விழும் கோட்டின் நிறமே பிரித்துக் கொடுத்துவிடும். செம்பழுப்புக் கோடு என்றால் ஹெமடைட், அதன் மேல்பரப்பு எஃகுபோல மின்னினாலும்கூட. கருங்கோடும் வலுவான காந்த இழுப்பும் சேர்ந்தால் மாக்னடைட். வெளிறிய மஞ்சள் கோட்டோடு கந்தக நாற்றம் வந்தால் ஸ்ஃபாலரைட். கோடே விழாமல் துகள் பீங்கானைக் கீறினால் டூர்மலினாக இருக்கலாம். நீளவாக்கில் வரிகள் ஓடும், குறுக்குவெட்டு வளைந்த முக்கோணம். விரிசல்களில் செடிகொடிபோலப் படர்ந்த கருப்பு, மாங்கனீஸ் ஆக்சைடு. மருந்துப் பெட்டியில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால் பொங்கும்.

வெள்ளை அல்லது தேன்நிறத்தில் குவார்ட்ஸோடு கலந்து தெரியும், எதிர்பாராத கனமுள்ள கனிமத்தைக் குறும் அலை புற ஊதா விளக்கில் இருட்டில் காட்டுங்கள். நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் ஷீலைட், அதாவது டங்ஸ்டன் தாது. அதுவும் தங்க நாளங்களில் (பாறைப் பிளவில் படிந்த கனிமப் பட்டைகளில்) வருவதுதான். அந்த விளக்கைக் கண்ணில் படவிடாதீர்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பழுப்புத் துருதான் தங்கம் தேடுகிறவருக்கு மிக முக்கியமான நிறம், ஆனால் அதைத்தான் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பைரைட் நீரும் காற்றும் பட்டுச் சிதைந்து இரும்புத் துருவாக மாறும்; கரைந்து போனது போக, கல்லில் கனசதுரக் குழிகளும் தேன்கூடு போன்ற சட்டகமும் மிஞ்சும். தங்கம் கரைவதில்லை; அது அந்தக் குழிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மார்க்கர் புள்ளி இப்படி ஒரு துருக்குழியின் மேல் விழுந்திருந்தால் பொறுமையாக வேலை செய்யுங்கள். மரக்குச்சியால் துருவைக் கிளறி வெள்ளைக் காகிதத்தில் சேகரித்து, லென்ஸில் பாருங்கள். பிறகு தண்ணீரில் அலசுங்கள்.

எடை சொல்லும் செய்தி

கல்லின் ஒப்படர்த்தியை வீட்டுத் தராசிலேயே கண்டுபிடிக்கலாம். 0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு வேண்டும். முதலில் காய்ந்த கல்லை எடை போடுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தராசில் ஏற்றி, பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையும் பக்கத்தையும் தொடாதபடி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். குழிகளில் காற்றுக்குமிழ் தங்கினால் கணக்கு கெடும்; முன்னதாகவே கல்லைச் சில மணி நேரம் ஊறவிட்டு, குமிழ்களைத் தூரிகையால் விரட்டுங்கள். கல்லின் எடையைக் கன அளவால் வகுத்தால் ஒப்படர்த்தி.

சுத்தமான குவார்ட்ஸ் 2.65. உங்கள் கல் 100 கிராம், கன அளவு 34 என்று வைத்துக்கொள்வோம்: ஒப்படர்த்தி 2.94. கனமான ஏதோ உள்ளே இருக்கிறது. அது தங்கம் மட்டும்தான் என்றால் எவ்வளவு? 34ஐ 2.65ஆல் பெருக்கினால் 90.1, முழுக் கல்லும் குவார்ட்ஸாக இருந்தால் இதுதான் எடை. 100இலிருந்து கழித்தால் 9.9 மிச்சம். தங்கம் தானும் இடம் பிடிப்பதால் இதை 0.86ஆல் (2.65ஐத் தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3ஆல் வகுத்து, 1இலிருந்து கழித்தது) வகுக்க வேண்டும், ஏறக்குறைய 11.5 கிராம்.

இந்த எண்ணைப் பார்த்துத் துள்ளுவதற்கு முன் அதே கணக்கைப் பைரைட்டுக்கும் போடுங்கள். ஒப்படர்த்தி 5 உள்ள பைரைட் என்றால் வகுக்க வேண்டிய எண் 0.47, விடை 21 கிராம். அதாவது 4.2 கன சென்டிமீட்டர், கல்லின் எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு பைரைட் இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகாது. கலீனா என்றால் ஏறக்குறைய 15 கிராம், 2 கன சென்டிமீட்டர். தங்கம் என்றால் 0.6 கன சென்டிமீட்டர் மட்டுமே. முழுக்கவே உள்ளே ஒளிந்திருக்க முடியும். வெளியே தெரியும் கனிமத்தின் அளவைக்கொண்டு எடையைச் சமன்செய்ய முடியவில்லை, கல்லும் ஒலிக்கிறது என்றால், அப்போதுதான் தங்கத்தின் பக்கம் சாய வேண்டும்.

கல்லின் மீதிப் பகுதி சுத்தக் குவார்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டதுதான் இந்தக் கணக்கின் பலவீனம். அந்தப் பகுதி 2.65க்குப் பதில் 2.70ஆக இருந்தாலே விடையில் 2 கிராம் குறைந்துவிடும். துருவேறிய கல்லுக்கும் கரும்பாறை ஒட்டிய கல்லுக்கும் இதை நம்ப வேண்டாம்.

அமிலம், தீ, உடைத்தல்

ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலீனா, ஸ்ஃபாலரைட், பைரோடைட் மேல் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். செறிவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தை உணர்வதையே நிறுத்திவிடும். அதுதான் அதன் கொடூரம். நைட்ரிக் அமிலம் சல்பைடுகளையும் வெள்ளியையும் கரைத்துத் தங்கத்தை விட்டுவைக்கும் என்பது உண்மையே, ஆனால் அதன் பழுப்புப் புகை நுரையீரலைப் பொசுக்கும். குவார்ட்ஸையே கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோல் வழியே இறங்கி உயிரைக் கொல்லக்கூடியது. வீட்டில் வினிகரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுப்பிலோ தீச்சுடரிலோ வறுத்துப் பார்ப்பதும் வேண்டாம். ஆர்சனிக், ஆன்டிமனி, பாதரசம் மூன்றும் புகையாக வெளியேறும்.

எல்லாச் சோதனைக்குப் பிறகும் விடை தெரியவில்லை, மாதிரியாக வைத்திருக்கத் தகுந்த அழகும் கல்லுக்கு இல்லை என்றால், ஒரு மூலையை உடைக்கலாம். இரும்பு உரலில் ஈரத்துணி போட்டு, தண்ணீர் தெளித்தபடி இடியுங்கள். காய்ந்த குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் சிலிகோசிஸ் என்ற மீளாத நோயை உண்டாக்கும். நுண்தூசி தடுக்கும் முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். இடித்த தூளைத் தங்கம் அலசும் தட்டில் அலசினால், தட்டின் அடியில் கடைசி வரை தங்குவது எது, என்ன நிறம், ஊசிக்குக் குழிகிறதா என்று பார்த்துவிடலாம்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது

கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி, எக்ஸ் கதிரைப் பாய்ச்சித் திரும்பி வரும் கதிர்களைப் படித்து, சில நொடிகளில் தனிமங்களின் பட்டியலைத் தரும். ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். ஆர்சனிக், ஈயம் இரண்டின் முக்கிய எக்ஸ் கதிர்களும் ஒரே ஆற்றலில் விழுகின்றன. டங்ஸ்டனின் ஒரு கதிர் தங்கத்தின் கதிரோடு ஒட்டிக்கொள்கிறது. ஷீலைட் உள்ள கல்லில் கருவி தங்கம் என்று காட்டினால் உடனே நம்பிவிடாமல், தங்கத்தின் இரண்டாவது கதிரையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் தனிமம் என்பதைவிட எந்தக் கனிமம் என்பது தேவையானால், எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி சோதனை. ஒரே துகளைப் பெரிதாக்கி அதன் சேர்க்கையை அறிய எலக்ட்ரான் நுண்ணோக்கி. டெல்லுரைடு, மால்டோனைட் சந்தேகங்களுக்கு இந்தக் கடைசி வழிதான் சரி.

எவ்வளவு தங்கம் என்பதற்குத் தீயில் உருக்கிப் பிரிக்கும் ஃபயர் அஸ்ஸே சோதனையே இன்றும் அளவுகோல். அதில் மாதிரி முழுவதும் அழிந்துவிடும். மேலும், மின்னிய துண்டை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் வரும் எண் அந்தத் துண்டுக்கு மட்டுமே பொருந்தும். நாளத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால், அதே இடத்தின் மின்னாத கற்களையும் சேர்த்து இடித்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து எடுத்து அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் கிடைத்த இடம், ஆழம், காந்தம் இழுத்ததா, எந்தப் பக்கம் ஒலித்தது, ஆர்சனிக் அல்லது பாதரசச் சந்தேகம் உண்டா என்பதை எழுதுங்கள். உலையின் முன் நிற்பவருக்கு அந்தக் கடைசிக் குறிப்பு கட்டாயம் தெரிய வேண்டும்.